கச்சேரி நடுவே சவுண்டு சொதப்பினால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

"சவுண்டு சரியில்லையே" என்று யாராவது சொன்னதும் நம் கை தானாக ஈக்வலைசர் (சுருதி வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பக்கம் போய்விடும். அந்தக் கையைக் கொஞ்சம் கட்டிவையுங்கள். மேடை ஒலியில் நான் துரத்திய கோளாறுகளில் முக்கால்வாசி, கடைசியில் ஒரு கேபிளிலோ, யாரோ தெரியாமல் அழுத்திய பட்டனிலோ, ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்த இடத்திலோதான் போய் நின்றன. இவற்றில் எதையும் ஈக்வலைசர் தீர்க்காது. இருக்கிற ஒரு கோளாறோடு இன்னொன்றைச் சேர்த்துவிடும், அவ்வளவுதான்.

ஒலி மைக்கில் தொடங்கி கேபிள், ஸ்டேஜ் பாக்ஸ் (மேடைக் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி), மிக்ஸர், பிராசசர், ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது. ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தால் பாட்டே முடிந்துவிடும். நடுவில் வெட்டிப் பாருங்கள். உதாரணமாக, ஒரு மைக்கில் சத்தம் வரவில்லை என்றால், மிக்ஸரில் அந்த மைக்குக்கான சேனலின் மீட்டர் (வரும் சிக்னலின் அளவைக் காட்டும் விளக்கு வரிசை) ஆடுகிறதா? ஆடினால் மைக்கையும் அதன் கேபிளையும் விட்டுவிடலாம். கோளாறு மிக்ஸரிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. ஆடவில்லை என்றால் மேடைப் பக்கம் ஓடுங்கள். ஒரே பார்வையில் பாதி வழி கழிந்தது. அப்புறம், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பதற்றத்தில் கேபிளையும் மாற்றி, மைக்கையும் மாற்றி, கெய்னையும் (சேனலுக்குள் வரும் சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. பழுதான கேபிள் நல்ல கேபிள்களோடு பெட்டிக்குள் போய் அடுத்த நிகழ்ச்சியில் மறுபடி கழுத்தறுக்கும்.

## சத்தமே வரவில்லை

ஒரு மைக் மட்டுமா, எல்லாமா? இதை முதலில் கேளுங்கள்.

ஒரு மைக் மட்டும் என்றால், மீட்டரும் அசையவில்லை என்றால், மைக்கிலுள்ள சுவிட்சையும் பேட்ச்சையும் (எந்த இன்புட் எந்தச் சேனலுக்குப் போகிறது என்ற இணைப்பு) பாருங்கள். கண்டென்சர் மைக்காக இருந்தால் அது வேலை செய்யத் தேவையான 48 வோல்ட் பேண்டம் (மைக் கேபிள் வழியாக மிக்ஸர் அனுப்பும் மின்சாரம்) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போடும்போதும் எடுக்கும்போதும் சேனலை மியூட் செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் 'டம்' என்று ஒன்று வெடிக்கும். அதன்பிறகும் வரவில்லை என்றால் கேபிள்தான். எக்ஸ்எல்ஆர் கேபிளில் 1-ஆம் பின் ஷீல்டு. 2, 3 இரண்டும் சிக்னல். எது அறுந்தது என்பதைக் காதாலேயே ஓரளவு சொல்லிவிடலாம். 2 அல்லது 3 விட்டுப்போனால் குரல் மெலிந்து, அடிச்சத்தம் இல்லாமல் தகரம் போல வரும். 1 மட்டும் அறுந்தால் டைனமிக் மைக் வேலை செய்யும், ஆனால் உறுமல் சேரும். கண்டென்சர் மைக் செத்துவிடும், ஏனென்றால் பேண்டம் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. கேபிள் அறுவது பெரும்பாலும் நடுவில் இல்லை. கனெக்டருக்குள் நுழையும் அந்த இரண்டு அங்குலத்தில்தான். அங்கே பிடித்து லேசாக மடக்கிப் பாருங்கள், 'கரக்' என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மீட்டர் ஆடுகிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால் அது பட்டன் சமாச்சாரம். சேனல் மெயின் பஸ்ஸில் (எல்லாச் சேனலும் கலந்து ஸ்பீக்கருக்குப் போகும் வழி) சேர்ந்திருக்கிறதா, ஏதாவது மியூட் குரூப்பில் மாட்டியிருக்கிறதா, அந்தச் சேனலை ஆளும் டிசிஏ ஃபேடர் (பல சேனல்களின் சத்தத்தை ஒன்றாக ஏற்றி இறக்கும் தள்ளுபிடி) அடியில் கிடக்கிறதா? டிஜிட்டல் மிக்ஸரில் இந்த டிசிஏ வேறொரு லேயரில் ஒளிந்திருக்கும். என் நேரத்தை அதிகமாகத் தின்ற கோளாறு இதுதான் என்று சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஒரு பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் ஊமையானால், மிக்ஸர் அவுட்புட்டில் இடது வலதைக் குறுக்கே மாற்றிப் போடுங்கள் (ஆம்ப் வால்யூமைக் குறைத்துவிட்டு). ஊமை மறுபக்கம் தாவினால் கோளாறு மிக்ஸரில். அதே பக்கம் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பின்னால். ஸ்பீக்கர் கேபிளின் ஸ்பீக்கான் கனெக்டரைச் செருகினால் மட்டும் போதாது, 'க்ளிக்' என்று பூட்டும்வரை திருக வேண்டும். பூட்டியும் வரவில்லை என்றால் கனெக்டரின் எந்த ஜோடி முனைகளில் ஓடுகிறது என்று பாருங்கள். சாதாரணமாக 1 பிளஸ், 1 மைனஸ். பிரிட்ஜ் முறையில் (ஆம்ப்பின் இரண்டு சேனலையும் ஒன்றாக்கி ஓட்டுவது) பல ஆம்ப்கள் 1 பிளஸ், 2 பிளஸ் என்று எடுத்துக்கொள்ளும். ஆம்ப்பும் கேபிளும் ஸ்பீக்கரும் தனித்தனியாக நன்றாகவே இருக்கும், சேர்த்தால் மட்டும் பேசாது.

## மைக் ஊளையிடுகிறது

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், பேசவும் இதில்தான் நிறைய இருக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வருவது மைக்குக்குள் புகுந்து, பெரிதாகி, மறுபடி ஸ்பீக்கருக்குப் போய்ச் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் ஊளை. அந்தச் சுற்றை எங்காவது உடைக்க வேண்டும். உடைக்கச் சிறந்த இடம் மேடை.

பாடுபவரின் வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அதைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கும். ஸ்பீக்கரிலிருந்து வருவது மாறாது. எந்தப் பிளக்இன்னாலும் இப்படி இலவசமாக 6 டெசிபெல் தர முடியாது. மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அன்பாகச் சொல்லித் திருத்துங்கள். பொத்தினால் மைக் எந்தப் பக்கத்தை ஒதுக்க வேண்டுமோ அந்தப் பக்கத்தையும் கேட்கத் தொடங்கிவிடும்.

மானிட்டர் (பாடுபவர் தன்னைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) எங்கே நிற்கிறது? கார்டியாய்டு (முன்பக்கத்தை அதிகமாகக் கேட்கும் வகை) மைக்குக்கு நேர் பின்புறம்தான் செவிட்டுப் பக்கம், அதனால் மானிட்டர் நேர் எதிரே, பாடுபவரைப் பார்த்து இருக்கலாம். சூப்பர்கார்டியாய்டு அப்படியில்லை. அதற்கு நேர் பின்னால் கொஞ்சம் காது உண்டு. செவிட்டுப் புள்ளி முன்முகத்திலிருந்து சுமார் 126 பாகையில் இருக்கிறது. ஆகவே மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். ஒரு மாடல் மைக்கை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டியதும் திடீரென ஊளை தொடங்கினால், ஃபேடரைத் தொடாமல் மானிட்டரை ஓரடி நகர்த்திப் பாருங்கள்.

திறந்திருக்கும் மைக்குகளை எண்ணுங்கள். அவை இரட்டிப்பானால் ஊளைக்கு முன்னால் நமக்கிருக்கும் இடம் சுமார் 3 டெசிபெல் சுருங்கும். எட்டு மைக் திறந்து, ஒருவர் மட்டும் பாடிக்கொண்டிருந்தால் மீதி ஏழும் ஊளைக்காகக் காத்திருக்கின்றன. மூடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் ஈக்வலைசர். ஊளையின் சுருதியைக் கேளுங்கள். 'ஊ' என்று குகைக்குள்ளிருந்து வருவது போலிருந்தால் 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம். விசில் என்றால் 1,000 முதல் 2,500. காதைக் குத்தும் கீச்சு என்றால் 4,000-க்கு மேல். கத்தியைப் போல மெல்லிய வெட்டாக, 3 டெசிபெல்லில் ஆரம்பித்து வெட்டுங்கள். நாலைந்து இடத்தில் வெட்டியும் அடங்கவில்லை என்றால் வெட்டியவற்றைத் திரும்பப் போட்டுவிட்டு மறுபடி மேடைக்குப் போங்கள். அதற்கு மேல் வெட்டினால் குரலைத்தான் வெட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு விசித்திரமான வகை உண்டு: பாடும்போது ஒன்றுமில்லை, பாட்டு முடிந்து அமைதியானதும் மெல்ல ஊளை கிளம்பும். இது கம்ப்ரஸரின் வேலை. பாடும்போது அது சத்தத்தை 6 டெசிபெல் அமுக்கியிருக்கும். அதை ஈடுகட்ட நீங்கள் மேக்கப் கெய்னில் 6 ஏற்றியிருப்பீர்கள். பாடுவது நின்றதும் அமுக்கம் விலகும், ஏற்றியது மட்டும் அப்படியே நிற்கும். மேக்கப்பைக் குறையுங்கள், அல்லது மானிட்டருக்குப் போகும் சிக்னலைக் கம்ப்ரஸருக்கு முன்னால் எடுங்கள்.

கீழ்ச்சுருதியில் உறுமும் ஊளை பெரும்பாலும் காற்று வழியாக வருவதில்லை. சப்பின் (அடிச்சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) அதிர்வு மேடைப் பலகை வழியாக ஸ்டாண்டில் ஏறி மைக்குக்குள் போகிறது. குரல் மைக்குகளில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை பாஸ் ஃபில்ட்டரைப் போட்டுவிடுங்கள். இதைக் கோளாறு வந்தபிறகு போடுவதைவிட எப்போதும் போட்டே வைத்திருப்பது நல்லது.

## உர்ர் என்று ஓர் உறுமல் கூடவே இருக்கிறது

மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 50, 100 ஹெர்ட்ஸிலும், 60 உள்ள நாட்டில் 60, 120 ஹெர்ட்ஸிலும் இந்த உறுமல் கேட்கும். மழமழவென்ற கீழ்உறுமல் என்றால் எர்த் லூப்பை (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த் ஆகி உண்டாகும் சுற்று) சந்தேகியுங்கள். கொசு போல முரமுரவென்று கூர்மையாக இருந்தால், விளக்குகளின் டிம்மரைச் சந்தேகியுங்கள். வெளிச்சத்தை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள், இரைச்சலும் கூடவே மாறினால் அதுதான். ஆடியோ கேபிளை மின்கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரியுங்கள். கடக்கவேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும்.

எர்த் லூப்பைப் பிடிக்க எல்லாச் சேனலையும் மியூட் செய்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறங்கள். ஒரு நிகழ்ச்சியில் எனக்குக் கிடைத்த குற்றவாளி மடிக்கணினி. பின்னணி இசை அதிலிருந்து 3.5 மி.மீ. கேபிளில் நேராக மிக்ஸருக்கு வந்துகொண்டிருந்தது. உறுமலோடு மெல்லிய 'சிர்ர்' ஒன்றும் கேட்டது. மவுஸை அசைத்தால் அந்தச் 'சிர்ர்' சுருதி மாறியது. சார்ஜரைப் பிடுங்கியதும் பளிச்சென்று அமைதி. அன்றிரவு மடிக்கணினி பேட்டரியிலேயே ஓடியது. அடுத்த முறையிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) இல்லாமல் எந்தக் கணினியையும் நான் மாட்டியதில்லை. கீபோர்டு, பேஸ் கித்தார் எல்லாவற்றுக்கும் டிஐ பாக்ஸிலுள்ள கிரவுண்டு லிஃப்ட் (ஆடியோ கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும்) சுவிட்ச்தான் முதல் முயற்சி. மேடை, மிக்ஸர் இரண்டுக்கும் ஒரே மின்பலகையிலிருந்து சப்ளை எடுத்தால் பாதி உறுமல் பிறக்கவே பிறக்காது.

உறுமலை நிறுத்த மின்பிளக்கின் எர்த் பின்னை உடைப்பது, டேப் ஒட்டி மறைப்பது, இதை எவ்வளவு அனுபவசாலி சொன்னாலும் செய்யாதீர்கள். உறுமல் போகும். ஆனால் கித்தாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு வைப்பவருக்கும் அந்த மின்சாரத்துக்கும் நடுவே பாதுகாப்பாக இருந்தது அந்த ஒரு பின்தான். லிஃப்ட் செய்வது ஆடியோ கேபிளில் மட்டும்.

உறுமல் இல்லை, 'ஸ்ஸ்' என்று மணல் கொட்டுவது போலிருக்கிறது என்றால் கெய்ன் அடுக்கு தவறு. சேனலில் கெய்ன் குறைவு, ஆம்ப் முழுக்கத் திறந்திருக்கிறது. முன்னதைக் கூட்டி, பின்னதைக் குறையுங்கள்.

## சத்தம் உடைகிறது, கரகரக்கிறது

ஃபேடரைப் பாதிக்கு இறக்குங்கள். சத்தம் குறைந்தும் உடைசல் அப்படியே இருந்தால் சேனல் கெய்னிலேயே வழிகிறது. அங்கே குறைக்க வேண்டும். ஃபேடர் இறங்கியதும் உடைசலும் போனால், பின்னால் ஏதோ ஒன்று தாங்கவில்லை: மெயின் பஸ், அல்லது ஆம்ப். ஆம்ப்பின் க்ளிப் விளக்கு எப்போதாவது மினுங்கினால் பரவாயில்லை. எரிந்துகொண்டே இருந்தால் முதலில் போவது உயர் சத்தத்துக்கான டிரைவர்தான். இரண்டு மடங்கு வாட்ஸ் கொடுத்தாலும் கூடுதலாகக் கிடைப்பது 3 டெசிபெல்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால், அந்தச் சிவப்பு விளக்கோடு மல்லுக்கட்டத் தோன்றாது.

ஒரே ஒரு பெட்டி மட்டும், அதுவும் குறைந்த சத்தத்தில்கூடக் கரகரத்தால் அந்த வூஃபரின் காயில் (கூம்பை ஆட்டும் கம்பிச்சுருள்) உரசுகிறது. பெட்டியை நிறுத்தி, கூம்பை விரல்களால் சமமாக, மெல்ல உள்ளே அழுத்துங்கள். காகிதம் தேய்வது போல் கேட்டால் அன்றைக்கு அந்தப் பெட்டிக்கு ஓய்வு.

டிஜிட்டல் அமைப்பில் சீரான இடைவெளியில் 'டிக்... டிக்...' என்று வந்தால் அது கேபிளோ காயிலோ அல்ல, கடிகாரம், அதாவது டிஜிட்டல் கருவி தாளம் பிடிக்கும் கிளாக். இரண்டு கருவிகள் தலா ஒரு கிளாக்கில் ஓடுகின்றன, அல்லது ஒன்று 48 கிலோஹெர்ட்ஸிலும் இன்னொன்று 96-லும் நிற்கிறது. ஒன்றைத் தலைவனாக்கி மற்றதை அதைப் பின்பற்றச் சொல்லுங்கள்.

## பேஸ் காணோம், அல்லது ஒரு இடத்தில் மட்டும் கொல்கிறது

ஒரு மண்டபத்தில் என் மிக்ஸர் சரியாக நடுக்கோட்டில் இருந்தது. பேஸ் சோகையாகக் கேட்டது. 3 ஏற்றினேன், பிறகு 6. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். தற்செயலாகத் தண்ணீர் பாட்டிலை எடுக்க மூன்றடி பக்கவாட்டில் நகர்ந்தபோதுதான் பேஸ் வந்து மோதியது. இடது சப்புக்குப் போன கேபிளில் யாரோ பிளஸ் மைனஸை மாற்றிச் சால்டர் செய்திருந்தார்கள். ஒரு சப் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது. இரண்டுக்கும் சமதூரத்தில் இருக்கும் நடுக்கோட்டில் இரண்டும் கழிந்து பூஜ்யம். நான் நின்றது அந்தப் பூஜ்யத்தில்.

ஆகவே நடக்காமல் பேஸைத் தொடாதீர்கள். நடுவில் செத்து ஓரங்களில் கொழுத்தால், ஒரு சப்பின் போலாரிட்டி (பிளஸ் மைனஸ் திசை) தலைகீழ். நடுவில் கொழுத்து, பக்கவாட்டில் நகரும்போது மாறி மாறிக் குழிகள் வந்தால் போலாரிட்டி சரி. சப்கள் தள்ளித் தள்ளி நிற்பதுதான் காரணம். 60 ஹெர்ட்ஸ் அலை சுமார் 5.7 மீட்டர் நீளம். இரண்டு சப்களிலிருந்து உங்கள் நாற்காலிக்குள்ள தூரங்களில் அதில் பாதி, அதாவது 2.85 மீட்டர், வித்தியாசம் இருந்தால் அந்தச் சுருதி அங்கே காணாமல் போகும். இதற்கு ஈக்வலைசரில் மருந்தில்லை. சப்கள் எல்லாவற்றையும் மேடைக்கு முன் நடுவில் ஒன்றாகக் கூட்டி வையுங்கள். பார்க்க அவ்வளவு கம்பீரமாக இருக்காது, கேட்க இருக்கும்.

எங்கும் ஒரே மாதிரி மெலிவாக இருந்தால் சப்புக்கும் டாப்புக்கும் (சப்புக்கு மேலுள்ள சுருதிகளைத் தரும் பெட்டி) இடையே பார்க்க வேண்டும். பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுருதியும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, சப்பின் போலாரிட்டி பட்டனை மாற்றி மாற்றி அழுத்துங்கள். எந்த நிலையில் இரண்டும் சந்திக்கும் 80, 100 ஹெர்ட்ஸ் பகுதி நிறைவாக இருக்கிறதோ அதுவே சரியானது. ஆம்ப் உள்ளே இல்லாத சாதாரணப் பெட்டியில் சந்தேகம் வந்தால், ஆம்ப்பிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைப் பிளஸ்ஸோடு ஒரு கணம் தொட்டால் வூஃபர் கூம்பு வெளிப்பக்கம் துள்ள வேண்டும். உள்ளே போனால் எங்கோ மாறியிருக்கிறது. டுவீட்டரில் இந்த விளையாட்டு வேண்டாம்.

## முன்வரிசைக்குக் காது கிழிகிறது, பின்வரிசைக்கு வார்த்தை புரியவில்லை

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபெல் விழும். 4 மீட்டரில் இருப்பவருக்கும் 32 மீட்டரில் இருப்பவருக்கும் 18 டெசிபெல் இடைவெளி. மாஸ்டர் ஃபேடரை ஏற்றினால் இருவருக்கும் சேர்த்தே ஏறும். பெட்டிகளை உயர்த்தித் தலைக்கு மேலே கொண்டுபோய், மூக்கைப் பின்வரிசை நோக்கித் திருப்பினால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள தூர விகிதம் குறையும். முதல் வரிசை நேரடிக் கற்றையிலிருந்தும் தப்பிக்கும்.

அதுவும் போதவில்லை என்றால் நடுவழியில் டிலே ஸ்பீக்கர் (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் தரும் துணை ஸ்பீக்கர்) வைக்க வேண்டும். வைத்துவிட்டு டிலே நேரம் கொடுக்க மறந்தால் ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு முறை விழும். கணக்கு எளிது: ஒலி 20 டிகிரி வெப்பத்தில் நொடிக்கு 343 மீட்டர் போகிறது. மெயினிலிருந்து 30 மீட்டர் தள்ளி வைத்தால் 87 மில்லி செகண்ட். அதோடு இன்னும் 10 முதல் 15 மில்லி செகண்ட் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் வந்து சேரும் ஒலியைத்தான் காது திசையாக எடுத்துக்கொள்ளும் என்பது ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தம் ஆய்வேட்டில் சோதித்துக் காட்டியது. அந்தச் சிறு கூடுதலால், தெளிவு பக்கத்துப் பெட்டியிலிருந்து வந்தாலும் பாடகர் மேடையில்தான் பாடுகிறார் என்று தோன்றும்.

## நடுவில் அணைந்து அணைந்து எரிகிறது

டிரம்மின் ஒவ்வோர் அடிக்கும் மேடை விளக்கு மங்கினால் சப்ளை தொங்குகிறது. 1.5 சதுர மி.மீ. கம்பியை 50 மீட்டர் இழுத்திருந்தால் போக வர 100 மீட்டர், சுமார் 1.2 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 12 வோல்ட் வழியிலேயே காலி. வோல்ட் மீட்டரை ஆம்ப் பக்கத்து சாக்கெட்டில் வைத்து, பாட்டு ஓடும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். உருளையில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் கேபிளை முழுவதும் பிரித்துப் போடுங்கள், சுற்றியபடியே இருந்தால் சூடேறி உருகும்.

ஆம்ப் மட்டும் சூடாகி நின்றால் எத்தனை பெட்டி மாட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். 8 ஓம் பெட்டிகள் நாலை இணையாக மாட்டினால் 2 ஓம். அதைத் தாங்காத ஆம்ப்கள் உண்டு.

ஒரு லைனில் வோல்டேஜ் ஏறி இன்னொரு லைனில் இறங்கி ஊஞ்சலாடினால் நியூட்ரல் கழன்றிருக்கலாம். அங்கே ஆராய்ச்சி வேண்டாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## வயர்லெஸ் மைக் விட்டு விட்டு வருகிறது

புது பேட்டரி, அப்புறம் ஆன்டெனா. ரிசீவர் ஆம்ப் ரேக்கின் அடியில் இருந்தால் வெளியே எடுத்து, மேடையைக் கண்ணால் பார்க்கக்கூடிய உயரத்தில் வையுங்கள். மனித உடம்பே ரேடியோ அலையை நன்றாகக் குடித்துவிடும். எல்லா மைக்கையும் ஒன்றாகப் போட்டால் மட்டும் கோளாறு வருகிறது என்றால் அலைவரிசைகள் ஒன்றோடொன்று கலந்து புதிதாக ஒன்றைப் பெற்றெடுக்கின்றன. சம இடைவெளியில் அலைவரிசை வைக்காதீர்கள், தயாரிப்பாளர் கொடுத்த குரூப்பிலிருந்தே எடுங்கள்.

## தொடக்கத்தில் நன்றாக இருந்தது, இப்போது மந்தமாக இருக்கிறது

கேபிள், ஃபேடர், ஆம்ப் எல்லாம் அப்படியே இருக்கின்றன, ஆனால் மினுமினுப்பு குறைந்துவிட்டது. கூட்டம் நிறைந்தால் உடைகளும் உடல்களும் மேல்சுருதிகளை விழுங்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு மணி நேரம் உரத்த ஒலியில் நின்ற உங்கள் காதும் மரத்துப்போயிருக்கும். அந்தக் காதை நம்பி மேல்சுருதியை ஏற்றினால், புதிதாக உள்ளே வருபவர் முகத்தைச் சுளிப்பார். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அளவுகோலில் நிகழ்ச்சிகளுக்கான உச்சவரம்பு, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபெல் (காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் ஏ வெயிட்டிங்). மிக்ஸர் பக்கத்தில் சத்தத்தை அளக்கும் ஒரு மீட்டர் வைத்து, முதல் பாட்டில் என்ன காட்டியது என்று டேப்பில் எழுதி ஒட்டிவையுங்கள். அந்த எண்ணைவிட ஏறியிருந்தால் ஈக்வலைசரைத் தொடாமல் மாஸ்டரை 3 டெசிபெல் இறக்கி, பத்து நிமிடம் பொறுத்துக் கேளுங்கள்.